மலேசியாவில் மாசிக்கு மேற்குக் கடல், மே மாதத்துக்குக் கிழக்குக் கடல்

எங்கள் பக்கத்தில் வெளியூர்ப் பயணத்துக்கு நாள் குறிப்பது வயல்தான். ஆடி ஆவணியில் விதைவிட்டு, புரட்டாசியில் களையெடுத்து, ஐப்பசி கார்த்திகையில் வானத்தைப் பார்த்தபடியே இருந்து, தையில் அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்துக் காவல் காத்து, எடை போட்டுப் பணம் கணக்கில் ஏறும்வரை திருவாரூர்ப் பக்கத்துச் சம்பாக் குடும்பம் எதுவும் எங்கேயும் நகராது. கல்யாணம், காதுகுத்து என்றால்கூட காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவார்கள். ஒரு வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது அலுவலகம் போகிறவர்களுக்கு மட்டுமே ஆனது என்ற எண்ணம் இங்கே ஊறிப்போயிருக்கிறது.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வருஷம் முழுக்கச் சேற்றில் நிற்பவர்களுக்குத்தான் முதலில் விடுமுறை வேண்டும். டெல்டாவின் விவசாய நாட்காட்டியில் அதற்கு இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. ஒன்று, சம்பா அறுப்புக்குப் பின் மாசியும் பங்குனித் தொடக்கமும். அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னால் நிற்கும் கதிருக்கு ஊடே உளுந்தோ பயறோ தெளித்துவிட்டால், மண்ணில் இருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது தானாக வளரும். மருந்தடிப்பை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனால், காய் முற்றும்வரை பெரிய வேலை இல்லை. இன்னொன்று, பயறெல்லாம் எடுத்து முடித்த பிறகு மே மாதம். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்து, அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை வயல் காய்ந்து கிடக்கும். பிள்ளைகளுக்கும் அப்போதுதான் பள்ளி விடுமுறை.

இந்த இரண்டு இடைவெளிகளிலும் ஒரு பெரிய நகரமும் ஒரு தீவும் சேர்த்துப் பார்க்க, நமக்கு எல்லா வகையிலும் தோதான நாடு மலேசியா. திருச்சியில் ஏறினால் நேராகக் கோலாலம்பூர், ஏறக்குறைய நாலு மணி நேரம். சென்னைக்குப் போய் அலைய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை. அந்தச் சலுகை 2026 டிசம்பர் இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் மலேசியாவின் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

அப்புறம், அது நமக்கு அந்நிய நாடும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போன காலத்தை நேரில் பார்த்தவர்கள் எங்கள் ஊர்த் திண்ணைகளில் இன்னும் இருக்கிறார்கள். ‘ரஜூலா’ என்ற கப்பல் 1926 முதல் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதற்குப் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்து முடிந்துபோனது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் மலேசியாவில் சொந்தம் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். பயண ஏஜெண்ட் யாரிடம் கேட்டாலும் கோலாலம்பூர் மூன்று இரவு, லங்காவி இரண்டு இரவு என்று ஒரே சீட்டைத்தான் நீட்டுகிறார்கள். எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்று கேட்பதே இல்லை. நகரத்துக்கு அது பரவாயில்லை. கோலாலம்பூரில் வருஷம் முழுக்க வெயிலும் பிற்பகல் மழையும்தான். தீவு அப்படி இல்லை. மலேசியத் தீபகற்பத்துக்கு இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் அமைதியாக இருக்கும் மாதத்தில் மறுபக்கம் கொந்தளிக்கும். ஆகவே முதலில் மாதம், அதை வைத்துத் தீவு, அந்தத் தீவுக்குப் போகும் வழியை வைத்து விமான டிக்கெட். நகரம் கடைசியில் தானாகப் பொருந்திக்கொள்ளும்.

இந்தக் காற்றுக் கணக்கை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஐப்பசி, கார்த்திகையில் நம்மை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கே தென்சீனக் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தான், திராங்கானு, பகாங் கரைகளில் கொட்டுகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை கிழக்குக் கரைத் தீவுகளில் படகுகள் பெரும்பாலும் ஓடாது, தங்கும் விடுதிகள் மூடிக்கிடக்கும். அதே சமயம் நடுவில் நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் மேற்குக் கரையை மறைத்துக்கொள்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச்வரை லங்காவி வறண்டு, வானம் வெளுத்துக் கிடப்பது அதனால்தான். மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று. அதைப் பெருமளவு சுமத்ரா தீவின் மலைகள் வாங்கிக்கொள்ள, கிழக்குக் கரைக் கடல் கண்ணாடியாகிவிடும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால் நம் ஊரில் ஆடி மாதம் காற்று மட்டும் வீசுகிறதே, கணக்கு அதேதான்.

அப்படியானால் மாசியில் கிளம்புகிறவர்களுக்கு லங்காவி.

லங்காவி ஒரே தீவு அல்ல, 99 தீவுகளின் கூட்டம். கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. அந்தக் கெடாதான் நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம். 1987 முதல் தீர்வையில்லாப் பகுதி என்பதால் சாக்லேட்டும் பாத்திரமும் அள்ளிக்கொண்டு வருவதற்கென்றே போகிறவர்கள் உண்டு. ஆனால் லங்காவியின் அருமை அதன் பாறையில் இருக்கிறது. பல கோடி ஆண்டுப் பழமையான பாறைகளுக்காக 2007-இல் யுனெஸ்கோ அதைப் புவிப்பூங்காவாக ஏற்றுக்கொண்டது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல். மாட் சின்சாங் மலைமேல் கேபிள் காரில் ஏறினால் 125 மீட்டர் நீளத்துக்கு வளைந்து தொங்கும் பாலம் ஒன்று இருக்கிறது. காற்று பலமாக இருந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அதனால் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையே முடித்துவிடுங்கள்.

கிலிம் ஆற்றில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போவதை எங்கள் ஆட்களுக்குக் கட்டாயம் சொல்வேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்த்தவர்களுக்கு மரம் புதிதில்லை. இங்கே நம் காடு தட்டையான சேற்றில் விரிந்து கிடக்கும். அங்கே சுண்ணாம்புக்கல் மலைகள் தண்ணீரிலிருந்து நேராக எழும்பி நிற்க, அவற்றின் காலடியில் அதே மரங்கள் வேர் ஊன்றி நிற்கின்றன. கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது அலையாத்திக் காடு என்ன வேலை செய்யும் என்று நம் கடலோரம் பார்த்தது. அந்த மரங்களை இன்னொரு கரையில் அவ்வளவு அக்கறையாக வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

லங்காவிக்குப் போக எளிய வழி கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேர விமானம். ரயிலில் வடக்கே போய் கோலா பெர்லிஸ் அல்லது கோலா கெடா படகுத்துறையில் ஏறுகிற வழியும் உண்டு, நேரம் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. வழிநெடுக வயல் பார்க்கலாம். கெடா மலேசியாவின் நெற்களஞ்சியம். முடா பாசனத் திட்டத்தின் கால்வாய்களும் ஒரே மட்டத்தில் விரிந்த நெல் வயல்களும் அலோர் ஸ்டார் பக்கம் ரயில் ஜன்னலில் கண்ணுக்கு எட்டியவரை வரும். என் அண்ணன் மாதிரி விவசாயிகள் கடற்கரையைவிட இதைத்தான் அதிகம் ரசிப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

மாசிப் பயணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆண்டுகளில் ரமலான் நோன்பு பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. பகலில் மலாய் உணவுக்கடைகள் பல மூடியிருக்கும். சீனக் கடைகளும் நம்மவர் கடைகளும் திறந்திருக்கும், சாயங்காலம் தெருவெங்கும் நோன்புச் சந்தை கூடிவிடும், ஆகவே சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் நோன்புப் பெருநாளை ஒட்டிய வாரத்தில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். ரயில், பஸ், உள்நாட்டு விமானம் எதிலும் இடம் கிடைக்காது. அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு நாள் பாருங்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் மாசியை மறந்துவிட வேண்டியதுதான். அவர்களுக்கு மே. அப்போது பயண ஏஜெண்ட் லங்காவி என்று சொன்னாலும் நீங்கள் கிழக்கே திரும்புங்கள். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகிய மூன்று தீவுகளில் ஒன்று.

குடும்பத்தோடு போக நான் பெர்ஹெந்தியானைத்தான் சொல்வேன். பெரியது, சின்னது என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தீவுகள். பெரிய தீவு அமைதியானது, பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதுதான் சரி. சின்னத் தீவில் இளவட்டங்கள் கூட்டம். அங்கே வாகனம் போகிற சாலை இல்லை, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் படகுதான் டாக்ஸி. ஏ.டி.எம். கிடையாது, ரொக்கத்தைக் கரையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். கடற்பூங்காவுக்கு வெளிநாட்டவரிடம் 30 ரிங்கிட் கட்டணம் வாங்குகிறார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு அங்கே ஏன் போக வேண்டும் என்றால், தண்ணீருக்காக. நாம் வங்காள விரிகுடாவின் பிள்ளைகள். நாகூரிலும் தரங்கம்பாடியிலும் நாம் பார்த்து வளர்ந்த கடல் ஆறுகளின் வண்டலைச் சுமந்து கலங்கி வருகிற கடல். காலை நனைத்துக்கொண்டு நிற்போம், அலை இழுக்கும் என்று பிள்ளைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். கடலுக்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. பெர்ஹெந்தியானில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, முகமூடியை வைத்துத் தலையைக் குனிந்தால் போதும், பவளப்பாறையும் அதைச் சுற்றி மேயும் மீன்களும் ஆமையும் கண்முன்னே தெரியும். நீச்சல் தெரியாத என் அண்ணி, கையைப் பிடித்துக்கொண்டிருந்த படகுக்காரரை விடச் சொல்லிவிட்டுத் தனியாக மிதந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். கரை ஏறியதும் அவர் பேசவில்லை, மறுபடியும் போகலாமா என்று மட்டும் கேட்டார். எல்லாக் குடும்பத்துக்கும், முக்கியமாக நம் பெண்களுக்கு, இது ஒருமுறையாவது வாய்க்க வேண்டும்.

பெர்ஹெந்தியானுக்குக் கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாருவுக்கு விமானம், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் காரில் கோலா பெசுட் படகுத்துறை, பிறகு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் விசைப்படகு. மாலைக்கு முன்பே படகுகள் நின்றுவிடும் என்பதால் நண்பகலுக்குள் துறைக்குப் போய்ச் சேரும் விமானமாகப் பார்த்து எடுக்க வேண்டும். கிளந்தான், திராங்கானு, கெடா மூன்று மாநிலங்களிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாளும் உள்ளூர்க் கூட்டம் அதிகம். ஞாயிறு மதியம் தீவுக்குப் போய் வியாழன் காலை திரும்பும்படி வைத்துக்கொண்டால் ரூம் வாடகையும் குறையும், கடற்கரையும் உங்களுடையது.

புரட்டாசிக் காலாண்டு விடுமுறையில் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அப்போது லங்காவியிலும் பினாங்கிலும் நல்ல மழை, கிழக்குக் கரை செப்டம்பர் கடைசிவரை தாங்கும். அரையாண்டு விடுமுறைக்கு லங்காவி அருமை. ஆனால் பயிர் பால் பிடித்து நிற்கிற மார்கழியில் எங்கள் வீட்டில் யாரும் வயலை விட்டு வரமாட்டார்கள்.

பினாங்கைத் தீவு என்று கணக்கில் வைத்து, கடலும் முடிந்தது நகரமும் முடிந்தது என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பினாங்கு ஓர் அற்புதமான ஊர், ஆனால் கடலில் இறங்குவதற்கான ஊர் அல்ல. அங்கே பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரையில் நீர் கலங்கலாகத்தான் இருக்கும். அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனின் தெருக்களுக்காகப் போக வேண்டும். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமானது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. நாகூரில் கந்தூரிக் கொடியேற்றத்தைப் பார்த்தவர்கள் அதன் வாசலில் நிற்கும்போது ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நாசி கண்டார் என்ற சோறு-குழம்புக் கடைகளும் அவர்கள் வழி வந்தவைதான்.

பினாங்கில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்வாருங்கள். கெடாவின் மெர்போக் ஊரில் ஒரு தொல்பொருள் அருங்காட்சியகமும், அதன் அருகே பழைய கோயில்களின் கருங்கல் அடித்தளங்களும் இருக்கின்றன. பின்னால் எழும்பி நிற்கும் ஜெராய் மலை 1,200 மீட்டருக்கு மேல் உயரம். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று சொன்ன அடையாளம் அதுதான். நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டியவர்கள் இந்தக் கடாரத்தோடு சேர்ந்த ஸ்ரீவிஜய அரசர்கள். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்தான். அவன் மகன் ராஜேந்திரன் 1025 வாக்கில் அதே கடாரத்தின்மேல் படை அனுப்பினான். நட்பும் பகையுமாக இரண்டு கரைகளும் கொண்டிருந்த உறவின் மறுமுனை அங்கே புல் நடுவே அமைதியாகக் கிடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் கடாரம் என்ற பெயரைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டாமல் திரும்புவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது வரிசை. நகரம் முதலில், தீவு கடைசியில் என்பது வழக்கம். களைத்துப்போய் கடைசியில் ஓய்வெடுக்கலாம் என்பது அதன் நியாயம். நான் அதற்கு எதிர்க்கட்சி. திருச்சி விமானம் கிளம்புவது கோலாலம்பூரிலிருந்து. அதற்கு முந்தின இரவு நீங்கள் தீவில் இருந்தால், ஒரு மழை, ஒரு படகுத் தாமதம், எல்லா டிக்கெட்டும் வீண். இறங்கியதும் நகரத்தில் ஓர் இரவு, பிறகு தீவில் நாலு இரவு, திரும்பி நகரத்தில் இரண்டு இரவு. தீவுக்கு இரண்டு இரவு மட்டும் ஒதுக்கினால், போகவும் வரவுமே சரியாகப் போய்விடும். சேறும் வெயிலுமாக வருஷத்தைக் கழித்த உடம்பு தளர்ந்து கொடுக்கவே இரண்டு நாள் ஆகும்.

சர்வதேச டிக்கெட்டும் உள்நாட்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால், இறங்கிய அன்றே அடுத்த விமானத்தைப் பிடிக்கத் துணியாதீர்கள். குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, மறுபடி போடுவது என்று நேரம் கரையும். விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் உண்டு, எந்த விமானம் எதில் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகரத்துக்குள் போக விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிஷம், இரண்டாவதிலிருந்து 33 நிமிஷம், தலைக்கு 55 ரிங்கிட். நாலு பேர் என்றால், செல்போன் செயலியில் கூப்பிடும் கிராப் கார் மலிவு. ஹோட்டலில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள், அது சட்டப்படியானதுதான்.

கோலாலம்பூரில் காலைகளை வெளியிலும் பிற்பகல்களைக் கூரைக்குக் கீழும் கழியுங்கள், மழை மதியத்துக்கு மேல்தான் வரும். பத்துமலைக்கு விடிந்ததும் ரயிலில் போய்விட வேண்டும். 272 படி, வெயில் ஏறினால் அம்மா வயதுக்காரர்களுக்கு முடியாது. படிக்குக் கீழே நிற்கும் 42.7 மீட்டர் முருகன் சிலை 2006-இல் திறக்கப்பட்டது. அதைச் செய்தவர் திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன். எங்கள் ஊர்க்காரர் கைபட்டது என்று அம்மாவிடம் சொன்னபோது, படி ஏறாமல் கீழேயே வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு மேலே போக திங்கட்கிழமை விடுமுறை. 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் பாலத்தில் நடக்க வேண்டுமென்றால் முன்பதிவு அவசியம். கீழே பூங்காவிலிருந்து ராத்திரியில் பார்ப்பதற்குக் காசு வேண்டாம், எனக்கு அதுதான் பிடிக்கும். 

சாப்பாட்டுக்கு, நகரத்தில் நம்மவர் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸ். வாழையிலை போட்டு, ரசம்வரை எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் தீவுக்கு மட்டும் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொள்ளுங்கள், சோறு எங்கேயும் கிடைக்கும்.

சொந்தக்காரர்களுக்கு வாங்க வேண்டியதை எல்லாம் கடைசி இரண்டு நாளுக்கு விட்டுவிடலாம். மலிவு டிக்கெட்டில் கைப்பைக்கு ஏழு கிலோதான் அனுமதி. பெட்டி எடைக்கு இணையத்தில் முன்கூட்டியே பணம் கட்டினால் விமான நிலையத்தில் கேட்பதைவிடக் குறைவு, அதுவும் திரும்பும் பயணத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். இரவு விமானம் என்றால் காலையில் ஹோட்டல் அறையைக் காலி செய்து, பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போங்கள். புறப்பாட்டுக்கு நாலு மணி நேரம் முன்பே நகரத்தை விட்டுக் கிளம்பிவிட வேண்டும், சாயங்கால நெரிசலில் விமான நிலையச் சாலை நகராது.